விபத்துக் காய நோயாளிகளில் ரத்த உறைவு ஆய்வு: முதல் டியூப்பிலிருந்து முடிவு அட்டவணை வரை

அவசர மருத்துவம், அறுவைச் சிகிச்சை, மயக்கவியல் துறைகளில் இந்தத் தலைப்பில் தீசிஸ் தொடங்கும் பி.ஜி. மாணவர்களையும், அவர்களுக்குத் துணையாக ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு வருபவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

காகிதத்தில் இந்த ஆய்வு மிக எளிது. அடிபட்டவர் வந்ததும் ரத்தம் எடு, லேபுக்கு அனுப்பு, எண்ணை எழுது, யார் பிழைத்தார் என்று பார். ஆனால் மாணவர்கள் இதைச் செய்வதைப் பல வருடம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டேன். புள்ளியியலில் மூழ்கியவர் யாரும் இல்லை. மூழ்கியவர்கள் எல்லாம் முதல் பத்து நிமிடத்திலும், உறைவுச் சோதனைக்கு ரத்தம் பிடிக்கும் நீல மூடி டியூப்பிலும்தான் மூழ்கினார்கள். அங்கே நடக்கும் தவறைப் பிறகு எந்தக் கணினியும் திருத்தாது. அதனால் இந்த வழிகாட்டியும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஆய்வு செய்வதற்கான குறிப்பு, சிகிச்சைக்கான குறிப்பு இல்லை. ஆய்வு டியூப்புக்காக ரத்தம் ஏற்றுவதோ தியேட்டருக்குக் கொண்டுபோவதோ ஒரு நிமிடம் தள்ளிப்போனாலும் அந்த நோயாளியின் டியூப்பை விட்டுவிடுங்கள்.

1. கேள்வியை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

அடிபட்டவரின் ரத்தம் சரியாக உறையாமல் போக ஒரே காரணம் இல்லை. திசு நசுங்குவதும், ஷாக்கினால் உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் குறைவதும் சேர்ந்து, சிகிச்சை தொடங்கும் முன்பே உறைவைக் குலைக்கின்றன. உறைவைத் தடுக்கும் புரோட்டீன் சி தூண்டப்படுகிறது, கட்டியை உருவாக்கும் புரதமான ஃபைப்ரினோஜன் சரசரவென்று இறங்குகிறது, உருவான கட்டியும் கரைகிறது. இது ஒரு வகை. நாம் ஏற்றும் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்), நார்மல் சலைன் ரத்தத்தை நீர்க்கச் செய்வது இரண்டாவது வகை. உடல் குளிர்வதும் ரத்தத்தில் அமிலம் ஏறுவதும் மூன்றாவது.

உங்கள் கேள்வி எந்த வகையைப் பற்றியது? ‘வந்து சேரும்போதே எத்தனை பேருக்கு உறைவு கெட்டிருக்கிறது’ என்று கேட்டால் முதல் வகையைத் தேடுகிறீர்கள். அப்படியானால் பாட்டில் தொங்கும் முன்பே ரத்தம் எடுத்தாக வேண்டும். இந்த ஒரு முடிவே மற்ற எல்லாப் படிகளையும் தீர்மானிக்கிறது. அதனால்தான் இது முதல் படி.

அடுத்து வரையறை. லண்டனில் கரீம் புரோஹியும் சக மருத்துவர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 1,088 நோயாளிகளில் 24.4 சதவீதம் பேருக்கு வந்து சேரும்போதே உறைவு கெட்டிருந்தது. அவர்களில் 46 சதவீதம் பேர் இறந்தார்கள். மற்றவர்களில் 10.9 சதவீதம். அங்கே எடுத்துக்கொண்ட எல்லை, இயல்பைப் போல ஒன்றரை மடங்கு. பிறகு வந்த ஆய்வுகள் புரோத்ராம்பின் நேரம், அதாவது சோதனையில் உறைய எடுக்கும் நொடிகள், இயல்பைப் போல 1.2 மடங்கைத் தாண்டினாலே ஆபத்து ஏறுகிறது என்று காட்டின. 1.2 என்று வைத்தால் உங்கள் சதவீதம் கூடும், 1.5 என்று வைத்தால் குறையும். எதை வைக்கிறீர்கள் என்பதை முதல் நோயாளி வருவதற்கு முன் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். தரவு கைக்கு வந்தபின் எல்லையைத் தேடுபவர் தனக்குப் பிடித்த விடையைத்தான் கண்டுபிடிப்பார்.

ஐ.என்.ஆர். பற்றி ஒரு எச்சரிக்கை. அது புரோத்ராம்பின் நேரத்தை எல்லா லேபுக்கும் பொதுவான விகிதமாக மாற்றித் தரும் எண்; ரத்தத்தை இளக வைக்கும் வார்ஃபரின் வகை மருந்து சாப்பிடுபவர்களுக்காக உருவான அளவு. பயன்படுத்தலாம், பலரும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் புரோத்ராம்பின் நேரத்தை நொடிகளிலும் எழுதி வையுங்கள். லேபில் ரீஏஜென்ட் மாறினால் நொடிக் கணக்கு இல்லாமல் பின்னோக்கிச் சரிபார்க்க முடியாது.

2. எண்ணிக்கையைக் கணக்கிட்டுவிட்டு ரெஜிஸ்டரைப் பாருங்கள்

எத்தனை நோயாளிகள் வேண்டும் என்பதற்கு தீசிஸ்களில் வழக்கமாக வரும் சூத்திரம் 4பிக்யூ/டி². பி என்பது எதிர்பார்க்கும் சதவீதம், க்யூ என்பது நூறில் மீதி, டி என்பது ஏற்கும் பிழை. எதிர்பார்ப்பு 25 சதவீதம், பிழை 5 சதவீதப் புள்ளி என்றால் 4 × 25 × 75 ÷ 25 = 300 பேர்.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். 300 என்று எழுதிவிட்டு, தங்கள் கேஷுவாலிட்டிக்கு ஒன்றரை வருடத்தில் அத்தனை பலத்த காயக்காரர்கள் வருவார்களா என்று பார்ப்பதில்லை. போன மூன்று மாதத்து டிரையேஜ் (அவசர வரிசைப்படுத்தும்) ரெஜிஸ்டரை எடுத்து, மிக அவசரமான சிவப்புப் பிரிவில் வந்த விபத்து நோயாளிகளை எண்ணுங்கள். அவர்களில் பாதிப்பேரிடம்தான் சரியான நேரத்தில் ரத்தம் எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை அதுவே தாராளமான கணக்கு.

இரண்டாவது, இறப்பை எவையெல்லாம் முன்கூட்டிச் சொல்கின்றன என்று பார்க்க அதே 300 பேரை வைத்து லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போடுவது. 300 பேரில் 45 பேர் இறந்தால், ஒரு காரணிக்குப் பத்து இறப்பு என்ற பழைய கைக்கணக்குப்படி நான்கு காரணிகளைத்தான் மாடலில் வைக்க முடியும். பதினான்கு காரணிகளை வைத்த அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். படிக்க அழகாக இருக்கும், நம்ப ஒன்றும் இருக்காது.

3. யார் உள்ளே, யார் வெளியே

வயது, அடிபட்டு எத்தனை மணி நேரத்துக்குள் வந்தவர், எவ்வளவு பலத்த காயம் ஆகிய மூன்றையும் எழுதுவது சுலபம். வெளியே வைக்க வேண்டியவர்களைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் முக்கியமானது அசிட்ரோம், அதாவது வார்ஃபரின் வகை மாத்திரை. ருமாட்டிக் இதய நோய்க்கு வால்வு மாற்றியவர்கள் இங்கே ஏராளம். பைக்கில் இருந்து விழுந்து வருபவரின் ஐ.என்.ஆர். 3 என்றால் காரணம் காயமா மாத்திரையா என்று அந்த எண் சொல்லாது. மயக்கத்தில் இருப்பவரிடம் கேட்க முடியாது. நெஞ்சின் நடுவே பழைய தையல் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள், சட்டைப் பையில் மாத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள், வீட்டாரிடம் ‘ரத்தத்தை இளக வைக்கிற மாத்திரை ஏதாவது சாப்பிடுவாரா?’ என்றே கேளுங்கள். ‘ஆன்டிகோயகுலன்ட்’ என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள், ரத்த உறைவுக் குறைபாட்டோடு பிறந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கும் தனி விதி வேண்டும். ஃபைப்ரினோஜன் சாதாரணமாக டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம். பிரசவ காலத்தை நெருங்கும் பெண்ணுக்கு 400-க்கு மேல் இருப்பதே இயல்பு. அவரிடம் 250 என்று வந்தால் அது பெரிய இறக்கம், ஆனால் உங்கள் அட்டவணை அவரை ‘நார்மல்’ என்று குறித்துவிடும்.

தலையில் மட்டும் அடிபட்டவர்களைச் சேர்க்கலாம், ஆனால் தனிக் குழுவாகக் குறியுங்கள். ஷாக் இல்லாமலே மூளைக்காயம் உறைவைக் கெடுக்கும். ஹெல்மெட் போடாத இரு சக்கர வாகன ஓட்டிகள் நம் கேஷுவாலிட்டியை நிறைத்திருக்கும்போது, இரண்டு குழுவையும் கலந்தால் எந்தக் குழுவைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது.

இந்தப் படியில் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான்: ‘24 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நீக்கப்பட்டனர்’ என்ற ஒரு வரி. ரத்தம் போய் இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் சில மணி நேரத்திலேயே இறக்கிறார்கள். அவர்களை நீக்கினால் எந்த நோயைப் படிக்க வந்தீர்களோ அந்த நோயையே வெளியே அனுப்பிவிடுகிறீர்கள்.

4. அனுமதியும் ஒப்புதலும்

எத்திக்ஸ் கமிட்டிக் கடிதம் கைக்கு வரும் முன் ஒரு டியூப்கூட எடுக்காதீர்கள். பின்தேதியிட்ட அனுமதி கிடையாது. இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யிலும் ஆய்வு தொடங்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். 2018 ஏப்ரல் 1 முதல் அங்கே மருத்துவப் பரிசோதனைகளைப் பின்னோக்கிப் பதிவு செய்ய முடியாது.

ஒப்புதல்தான் இந்தத் துறையின் தனிச் சிக்கல். நோயாளிக்கு நினைவில்லை. கூட வந்தவர் யாரோ வழிப்போக்கர், 108-இல் ஏற்றிவிட்டு வந்தவர். சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள், நோயாளியால் முடியாதபோது சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதியிடம் ஒப்புதல் பெறவும், நினைவு திரும்பியபின் நோயாளியிடமே மறுஒப்புதல் கேட்கவும் சொல்கின்றன. உறவினரே இல்லாத நேரத்தில் ரத்தம் எடுத்துவிட்டுப் பிறகு ஒப்புதல் கேட்க வேண்டுமானால், அந்த ஏற்பாட்டை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதிக் கமிட்டியின் சம்மதத்தை முன்பே பெறுங்கள். ‘அன்னோன்’ என்று பதிவாகி வருபவர்களை என்ன செய்வீர்கள், ஒப்புதல் கேட்கும் முன் இறந்துவிட்டால் மாதிரியை என்ன செய்வீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் அதிலேயே இருக்கட்டும். கமிட்டி கேட்கப்போவது இவைதான்.

ஒப்புதல் படிவத்தின் தமிழை யாராவது ஒரு வார்டு ஊழியரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்கும் இடத்தில் உறவினரும் தடுக்குவார். ‘குருதி உறைவுத் திறன் மதிப்பீடு’ என்று எழுதுவதைவிட ‘ரத்தம் சரியாக உறைகிறதா என்று பார்க்க அரை ஸ்பூன் அளவு ரத்தம் கூடுதலாக எடுப்போம்’ என்பது புரியும்.

5. லேபோடு பேசாமல் தொடங்காதீர்கள்

அனுமதி வந்த மறுநாளே டியூப்போடு ஓடுவார்கள். அதற்கு முன் லேபுக்குப் போய் அரை நாள் உட்காருங்கள். கேட்க வேண்டியவை:

இரவு இரண்டு மணிக்கு புரோத்ராம்பின் நேரம் பார்க்க டெக்னீசியன் இருப்பாரா? விபத்துகள் மாலையிலும் இரவிலும்தான் குவிகின்றன. பகல் மாதிரிகள் மட்டும் உள்ள ஆய்வு வேறு வகை நோயாளிகளின் ஆய்வு.

ரீஏஜென்டின் ஐ.எஸ்.ஐ. எண் (ஐ.என்.ஆர். கணக்கிடத் தேவைப்படும் அதன் உணர்திறன் எண்) என்ன, லேபின் சராசரி இயல்பு நேரம் எத்தனை நொடி, லாட் மாறும்போது உங்களுக்குச் சொல்வார்களா? ஃபைப்ரினோஜனை நேரடியாக அளக்கும் கிளவுஸ் முறையில் பார்க்கிறார்களா, அல்லது கருவி தானாகக் கணக்கிட்டுத் தரும் எண்ணா? இரண்டும் ஒன்றில்லை. கட்டி கரையும்போது வரும் துணுக்கான டி-டைமர் எந்த அலகில் வருகிறது? எஃப்.இ.யு. அலகில் வரும் எண், டி.டி.யு. அலகில் வருவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பாதி மாதிரியை ஒரு லேபிலும் மீதியை இன்னொரு லேபிலும் பார்த்துவிட்டு, எண்ணிக்கை இரட்டித்ததைக் ‘கண்டுபிடிப்பு’ என்று எழுதப்போன ஒருவரைக் கடைசி நேரத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

பிறகு டிரே. நீல மூடி டியூப்பை காலாவதி நாள் பார்த்து வாங்கி, ஒட்டுச் சீட்டு, நேரம் எழுதும் அட்டை, பேனா எல்லாவற்றையும் ஒரே டிரேயில் போட்டு, சிவப்புப் பிரிவுக் கட்டிலுக்குக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். பீரோவுக்குள் பூட்டி வைத்த டிரே ஆய்வுக்கு உதவாது. அதை நிரப்பி வைக்கும் பொறுப்பு யாருக்கு என்று ஒரு பெயரும் எழுதி ஒட்டுங்கள்.

முதல் பத்து நோயாளிகளை ஒத்திகையாக வைத்து, அவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அனுமதி விண்ணப்பத்திலேயே இதைச் சொல்லிவிட்டால் போதும். எந்த ஷிஃப்டில் எது நழுவுகிறது என்பது அந்தப் பத்தில் தெரிந்துவிடும்.

6. முதல் பத்து நிமிடம்

வென்ஃப்ளான் (நாளத்தில் செருகும் ஊசிக்குழாய்) போட்ட கையோடு, பாட்டிலை மாட்டும் முன் ரத்தம் எடுங்கள். இந்த ஒரே வரிசையை மட்டும் ஸ்டாஃப் நர்ஸுக்கும் பயிற்சி மருத்துவரான சி.ஆர்.ஆர்.ஐ.க்கும் பழக்கிவிட்டால் பாதி ஆய்வு முடிந்த மாதிரி. ஏற்கெனவே ஒரு கையில் சலைன் ஓடுகிறது என்றால் மறு கையில் எடுங்கள். ஓடும் குழாய்க்கு மேலே எடுத்த ரத்தத்தில் பாதி சலைன்தான் இருக்கும். லேப் அதை ‘கடுமையான உறைவுக் கோளாறு’ என்று நேர்மையாகவே எழுதி அனுப்பும். அதே ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 4 என்றும், குளோரைடு ஏறியும் வந்தால் சந்தேகப்படுங்கள்.

உறைவைத் தடுக்கும் ஹெப்பரின் கலந்த லைனிலிருந்து எடுத்தால், இன்னொரு உறைவு நேரச் சோதனையான ஏ.பி.டி.டி. நீண்டுவிடும். ரத்த வாயுப் பரிசோதனைக்கு ஹெப்பரின் தோய்த்த சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தில் மிச்சத்தை நீல டியூப்பில் ஊற்றுவதும் அதே கதை. இது அவசரத்தில் அடிக்கடி நடக்கிறது, யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

டியூப்பில் இருப்பது, கால்சியத்தைப் பிடித்து உறைவை நிறுத்தி வைக்கும் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். அதனால்தான் குழாயில் கோடு போட்டிருக்கிறார்கள். 2.7 மில்லி டியூப்பில் 2 மில்லி மட்டும் விட்டால் சிட்ரேட் மிகுந்து, நேரம் பொய்யாக நீளும். ஷாக்கில் ரத்தநாளம் சுருங்கியவரிடம் ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், கோடு வரை நிரம்பாமல் போவது அவர்களுக்குத்தான். அதாவது, மோசமான நோயாளிகளிடமே தவறான மாதிரிகள் குவியும். இந்தப் பிழை உங்கள் எதிர்பார்ப்புக்கு ஆதரவாகவே சாய்வதால் கண்ணிலும் படாது. கோட்டுக்குக் கீழே நின்ற டியூப்பை நிராகரிக்கும் விதி எழுத்தில் இருக்கட்டும், நிராகரித்தவற்றின் எண்ணிக்கையும் பதிவாகட்டும். சிரமம் தெரிந்தால் 1.8 மில்லி டியூப் வாங்கி வையுங்கள்.

சிரிஞ்சில் எடுத்துப் பிரித்து ஊற்றுவதுதான் நம் வழக்கம் என்றால், நீல டியூப்புக்கு முதலிடம். சிரிஞ்சிலேயே காத்திருக்கும் ரத்தம் உறையத் தொடங்கிவிடும். ஊதா மூடி டியூப்புக்கு அடுத்து நீலம் என்று வரிசை மாறினால், அதிலுள்ள இ.டி.டி.ஏ. ரசாயனம் ஒட்டிக்கொண்டு வந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டர்ஃபிளை ஊசியில் நேரடியாக வாக்குட்டெய்னர் (தானே ரத்தத்தை உறிஞ்சும் வெற்றிட டியூப்) மாட்டினால், குழாய்க்குள் இருக்கும் காற்று அளவைக் குறைத்துவிடும். முதலில் ஒரு வீண் டியூப் மாட்டி எடுத்துவிட்டுப் பிறகு ஆய்வு டியூப்.

நிரம்பியதும் மூன்று நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்க வேண்டாம். கவிழ்க்காமல் விட்டால் அடியில் குட்டிக் கட்டி விழும். அந்தக் கட்டி ஃபைப்ரினோஜனைத் தின்றுவிட்டதால் ரிப்போர்ட்டில் ஃபைப்ரினோஜன் குறைவாக வரும். லேபில் மூடியைத் திறந்ததும் குச்சியால் கட்டி பார்ப்பார்கள். ‘கிளாட்டட் சாம்பிள்’ என்று திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள், உங்கள் ஆய்வைக் காப்பாற்றுகிறார்கள்.

டியூப்பை ஐஸில் வைக்காதீர்கள். ‘ரத்தம் என்றால் குளிர்ச்சி’ என்ற பழக்கத்தில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். குளிரில் ஏழாம் காரணி தூண்டப்பட்டு புரோத்ராம்பின் நேரம் குறையலாம், பிளேட்லெட்டும் பாதிக்கப்படும். அறை வெப்பத்தில் நிமிர்த்தி வைத்து, நான்கு மணி நேரத்துக்குள் பரிசோதித்து முடியுங்கள்.

7. நேரங்கள்

அட்டையில் ஐந்து நேரங்கள்: அடிபட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம், ஊசி குத்திய நேரம், கட்டி கரையாமல் தடுக்கும் டிரனெக்ஸாமிக் ஆசிட் போட்ட நேரம், முதல் ரத்தப் பை தொடங்கிய நேரம். இவற்றோடு ஊசி குத்தும் முன் ஏறிய திரவம் எத்தனை மில்லி என்பதும்.

அடிபட்ட நேரம்தான் கண்ணாமூச்சி ஆடும். ஏ.ஆர். (விபத்துப் பதிவு) புத்தகத்தில் ‘இன்று மாலை சுமார் 6 மணியளவில்’ என்று இருக்கும். 108-க்கு அழைப்பு போன நேரம் அவர்களின் பதிவில் நிமிடக் கணக்கில் இருக்கும், வண்டியில் வரும் அவசர மருத்துவ உதவியாளரான இ.எம்.டி.யிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் மாறினால் எதை எடுப்பது என்று முன்பே விதி வையுங்கள். நான் 108 பக்கம்தான்.

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்பதற்கு கிராஷ்-2 ஆய்வே போதும். 2010-இல் 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளில் 20,211 பேரை வைத்து வெளியான ஆய்வு அது. டிரனெக்ஸாமிக் ஆசிட் பெற்றவர்களில் இறப்பு 14.5 சதவீதம், பெறாதவர்களில் 16. அடுத்த ஆண்டு அதே தரவை நேரவாரியாகப் பிரித்தபோதுதான் உண்மையான செய்தி வெளிவந்தது. ஒரு மணி நேரத்துக்குள் போட்டால் ரத்தப்போக்கினால் நேரும் இறப்பு 7.7-இலிருந்து 5.3 சதவீதமாகக் குறைந்தது. மூன்று மணி நேரம் தாண்டிப் போட்டவர்களில் அது 3.1-இலிருந்து 4.4 ஆகக் கூடியிருந்தது. அடிபட்ட நேரத்தை யாரும் எழுதி வைக்காமல் இருந்திருந்தால் இந்த இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கும்.

தாலுகா மருத்துவமனையிலிருந்து ரெஃபர் ஆகி வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே இரண்டு பாட்டில் ஏறி, ஒரு ஊசி போட்டு, மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பிறகு வருகிறார்கள். ரெஃபரல் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கேஸ் ஷீட்டுக்குள் அது காணாமல் போய்விடும். நேரடியாக வந்தவர்களையும் ரெஃபர் ஆனவர்களையும் தனித்தனியாகவே பகுத்துப் பாருங்கள்.

வார்டு கடிகாரமும் லேப் கணினியும் எட்டு நிமிடம் வித்தியாசம் காட்டும் இடங்கள் உண்டு. தொடங்கும் நாளில் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, மாதம் ஒருமுறை சரிபாருங்கள். எல்லா நேரமும் 00, 15, 30 என்றே முடிந்தால் யாரோ சாயங்காலம் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்புகிறார் என்று அர்த்தம்.

8. பிளாஸ்மாவைப் பிரித்துச் சேமித்தல்

டி-டைமர், புரோட்டீன் சி போன்றவற்றைப் பின்னால் மொத்தமாகப் பார்க்கத் திட்டமிருந்தால் மட்டும் இந்தப் படி.

1500 ஜி விசையில் 15 நிமிடம் சுற்றுங்கள். ‘ஜி’யையும் நிமிடச் சுற்றையும் குழப்பாதீர்கள். ரோட்டாரின் ஆரம் 15 சென்டிமீட்டர் என்றால் அதற்கு ஏறத்தாழ 3000 சுற்று வேண்டும், 10 சென்டிமீட்டர் என்றால் 3660-ஐத் தொடும். கருவி மாறினால் கணக்கும் மாறும்.

மேலே நிற்கும் பிளாஸ்மாவை அடிப்படலத்தைத் தொடாமல் உறிஞ்சி, இன்னொரு முறை சுற்றுங்கள். பிளேட்லெட் மிச்சம் இருந்தால் உறைய வைக்கும்போது உடைந்து, உறைவைத் தூண்டும் பொருள்களைக் கொட்டிவிடும். சிறு சிறு பங்குகளாகப் பிளாஸ்டிக் குப்பிகளில் பிரித்து மைனஸ் 70-க்குக் கீழே வையுங்கள். வீட்டு ஃபிரீசர் மாதிரியான மைனஸ் 20 நீண்ட நாளுக்குத் தாங்காது. உருக்கும்போது 37 டிகிரி நீர்த்தொட்டியில் வேகமாக உருக்க வேண்டும். மேசையில் வைத்து மெதுவாக உருகவிட்டால் ஃபைப்ரினோஜனும் எட்டாம் காரணியும் வீழ்படிவாகத் தங்கிவிடும். (ரத்த வங்கியில் ஃபைப்ரினோஜன் செறிந்த கிரையோ தயாரிப்பதே இந்தத் தந்திரத்தில்தான்.) ஒருமுறை உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

9. காயத்தையும் ஷாக்கையும் அளத்தல்

காயத்தின் கடுமையை அளக்கும் ஐ.எஸ்.எஸ். கணக்கில் உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, மிக மோசமான மூன்று பகுதிகளின் மதிப்பெண்ணை வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம். தலை 4, நெஞ்சு 3, கால் 3 என்றால் 16 + 9 + 9 = 34. ஒரே பகுதியின் இரண்டு காயங்களைக் கூட்டுவது, இடுப்பெலும்பு முறிவை வயிற்றுப் பகுதியில் போடுவது ஆகிய இரண்டும் ஓயாத தவறுகள். இடுப்பெலும்பு கைகால் பகுதியைச் சேர்ந்தது. சி.டி.யும் அறுவைக் குறிப்பும் வந்தபின் கணக்கிடுங்கள். கேஷுவாலிட்டியில் வெளியே தெரிவதை வைத்துப் போட்டால் உள்ளே கிழிந்த மண்ணீரல் கணக்கில் வராது.

ஷாக்கை ரத்த அழுத்தத்தால் மட்டும் அளக்காதீர்கள். இளம் வயதினர் நிறைய ரத்தம் இழக்கும் வரை அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பார்கள். ரத்தத்தில் அமிலம் ஏறியதைக் காட்டும் பேஸ் டெஃபிசிட், லாக்டேட் இரண்டில் ஒன்றாவது வேண்டும், அதுவும் நீல டியூப் எடுத்த அதே நேரத்தில்.

உடல் வெப்பத்தைக் கட்டாயம் எழுதுங்கள். லேப் கருவி எல்லா மாதிரியையும் 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் பார்க்கிறது. மழையில் சாலையோரம் கிடந்து 33 டிகிரியில் வந்தவரின் ரத்தம் உடலுக்குள் எவ்வளவு தடுமாறினாலும், கருவிக்குள் அது வெதுவெதுப்பாக ஓடி நல்ல எண்ணைக் கொடுத்துவிடும்.

10. சிகிச்சைப் பதிவு

எத்தனை பை ரத்தம் என்பதோடு ஒவ்வொரு பையும் தொடங்கிய நேரத்தையும் எழுதுங்கள். ரத்த வங்கி கொடுத்த நேரம் வேறு, ஏறத் தொடங்கிய நேரம் வேறு. உறைய வைத்த பிளாஸ்மாவான எஃப்.எஃப்.பி. உருக வங்கியில் அரை மணி நேரம் வரை ஆகும். கால்சியம் எப்போது போட்டார்கள் என்பதையும் விடாதீர்கள். ஏற்றும் ரத்தத்தோடு வரும் சிட்ரேட் நோயாளியின் கால்சியத்தையும் பிடிக்கிறது.

11. விளைவை வரையறுத்தல்

‘மருத்துவமனை இறப்பு’ என்ற ஒரே கட்டம் போதாது. பிராப்பர் ஆய்வு 2015-இல் வட அமெரிக்காவின் 12 காய மையங்களில் 680 பேரிடம் பிளாஸ்மா, பிளேட்லெட், சிவப்பணுவை 1:1:1, 1:1:2 என்ற இரு விகிதங்களில் ஒப்பிட்டது. 24 மணி நேர இறப்பு 12.7-க்கு எதிரே 17 சதவீதம், 30 நாளில் 22.4-க்கு எதிரே 26.1. இரண்டிலும் புள்ளியியல் உறுதி இல்லை. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் ரத்தம் போய் இறந்தவர்களை மட்டும் எடுத்தால் 9.2-க்கு எதிரே 14.6, தெளிவான வித்தியாசம். நாள் கூடக்கூட மூளைக்காயமும் நோய்த்தொற்றும் இறப்புக் கணக்கில் கலந்துவிடுகின்றன. ஆகவே 6 மணி நேரம், 24 மணி நேரம், 30 நாள் என மூன்று புள்ளிகளிலும் இறப்பையும் அதன் காரணத்தையும் தனித்தனியே எழுதுங்கள். காரணத்தை முடிவு செய்யும் இருவருக்கும் லேப் எண்கள் தெரியக் கூடாது. ஐ.என்.ஆர். 2.5 என்று பார்த்தவர் எல்லா இறப்பையும் ரத்தப்போக்கு என்றே எழுதுவார்.

நம் ஊருக்கே உரிய ஒரு பள்ளம் இருக்கிறது. ‘இனிமே ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கொண்டுபோயிடறோம்’ என்று உறவினர்கள் எழுதிக்கொடுத்து அழைத்துப்போகும் நோயாளிகள். கேஸ் ஷீட்டில் ‘ஏ.எம்.ஏ.’ (மருத்துவ ஆலோசனையை மீறி) என்று இருக்கும், பட்டியலில் ‘உயிருடன் டிஸ்சார்ஜ்’ ஆகிவிடும். இரண்டு தொலைபேசி எண்களைச் சேர்க்கும் நாளிலேயே வாங்கி, 30-ஆம் நாள் கூப்பிடுங்கள். அந்த அழைப்பைச் செய்பவர் என்ன கேட்க வேண்டும், எப்படித் தொடங்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். துக்க வீட்டுக்குப் போன் போட்டு ‘நோயாளி எப்படி இருக்கிறார்’ என்று கேட்ட மாணவர் அன்று முழுக்கப் பேசவில்லை.

12. பகுப்பாய்வு

இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை, புள்ளியியலாளர் இருக்கிறார். அவரிடம் போகும் முன் இரண்டு விஷயம்.

‘பிளாஸ்மா அதிகம் பெற்றவர்கள் அதிகம் பிழைத்தார்கள்’ என்று உங்கள் தரவு சொன்னால் மகிழ வேண்டாம். பிளாஸ்மா உருகும் அரை மணி நேரம் உயிரோடு இருந்தவர்தான் அதைப் பெறுகிறார். அதற்குள் இறந்தவர் ‘பிளாஸ்மா பெறாதவர்’ பக்கத்தில் சேர்கிறார். உயிரோடு இருந்ததால் பிளாஸ்மா கிடைத்ததா, பிளாஸ்மா கிடைத்ததால் உயிரோடு இருந்தாரா என்பதை எளிய ஒப்பீடு பிரிக்காது. ‘24 மணி நேரத்தில் பத்து பை’ என்ற பழைய பெருமளவு ரத்தமேற்ற வரையறையிலும் இதே ஓட்டை உண்டு: ஆறாவது பையில் இறந்தவர் அந்தக் குழுவுக்குள் வரவே மாட்டார். பத்தாம் படியில் ஒவ்வொரு பைக்கும் நேரம் எழுதச் சொன்னது இதற்காகத்தான். அது இருந்தால் ஒரு மணி நேரத்தில் எத்தனை பை என்ற வேகத்தையே கணக்கிடலாம்.

இரண்டாவது, விடுபட்டவர்களின் பட்டியல். தகுதியிருந்தும் சேர்க்க முடியாமல் போன ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: தேதி, வந்த நேரம், ஏன் விடுபட்டார், பிழைத்தாரா. பெயர் வேண்டாம். ‘டியூப் நிரம்பவில்லை’, ‘டெக்னீசியன் இல்லை’, ‘நேராகத் தியேட்டர்’, ‘உறவினர் மறுப்பு’ என்று குறித்தால் போதும். ஆய்வு நடக்கும்போது இதை எழுத யாருக்கும் மனம் வராது, தோல்விப் பட்டியல் மாதிரி இருக்கும். ஆனால் வைவாவில் தேர்வாளர் முதலில் கேட்கப்போகும் கேள்வி, அந்த ஒன்றரை வருடத்தில் சிவப்புப் பிரிவுக்கு வந்த மற்றவர்கள் எங்கே என்பதுதான். அந்த நோட்டை மேசைமேல் எடுத்து வைக்க முடிந்த மாணவர்களை நான் இதுவரை மிகச் சிலரைத்தான் பார்த்திருக்கிறேன்.